செயற்கை நுண்ணறிவு: நாம் மறந்த முன்சொல்

ஏ.ஐ. என்று இரண்டெழுத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்ற அதன் முழுப்பெயர் ஒரு நிதி விண்ணப்பத்தில் பிறந்தது. 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கூடி ஆராயப் பணம் வேண்டும் என்று ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தேனியல் ராச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நான்கு ஆய்வாளர்களும் 1955 ஆகஸ்டில் எழுதிய விண்ணப்பம் அது. பணம் கேட்டு எழுதிய தாளில் வந்த பெயர் கொஞ்சம் எடுப்பாகத்தானே இருக்கும்!

இன்டெலிஜென்ஸுக்கு இலத்தீன் வேர்ப்பொருள், பலவற்றுக்கு இடையிலிருந்து பொறுக்கி எடுப்பது. ஆர்ட்டிஃபிஷியல் என்றால் கைவினையால் ஆனது.

தமிழில் நுண்ணறிவு என்ற சொல் கணினிக்காகப் புதிதாகச் செய்ததல்ல. உளவியல் பாடநூல்களில் 'நுண்ணறிவு ஈவு' (ஐ.கியூ.) என்று ஏற்கெனவே புழங்கியதுதான். 'நுண்' என்ற அடைக்கு மதிப்பு அதிகம். 'நுண்மாண் நுழைபுலம்', அதாவது நுட்பமாக நுழைந்து ஆராயும் அறிவு, இல்லாதவனின் அழகு, மண்ணால் புனைந்த பாவையின் அழகு போன்றது என்கிறது 407ஆம் குறள். அவ்வளவு உயர்ந்த அடையை ஒரு கணினி நிரலுக்குத் தூக்கிக் கொடுத்தது அவசரம் என்பது என் எண்ணம். ஆனால் சொல் ஊன்றிவிட்டது. இனிப் பிடுங்க முடியாது. பிடுங்கவும் வேண்டாம், முன்னால் நிற்கும் சொல்லைக் கவனித்தால் போதும்.

செயல் என்பதோடு 'கை' சேர்ந்து செயற்கை. இயல் என்பதோடு சேர்ந்து இயற்கை. இந்த இரண்டையும் எப்படிப் பேச வேண்டும் என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. இயற்கைப் பொருளை 'இத்தன்மையது' என்று சொன்னால் போதும்: நிலம் வலிது, நீர் தண்ணிது. செயற்கைப் பொருளை அப்படிச் சொல்லக்கூடாது. 'ஆயிற்று' என்று ஆக்கச் சொல் கொடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்த நூற்பா இன்னும் ஒரு படி போகிறது: 'ஆக்கந் தானே காரண முதற்றே'. ஆயிற்று என்றால், எதனால் ஆயிற்று என்ற காரணம் முன்னே வர வேண்டும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, எருப் பெய்து, களை எடுத்து, நீர் பாய்ச்சியதால் பைங்கூழ் (பசும்பயிர்) நல்லவாயின என்பது.

ஏ.ஐ. கருவிகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மின்னஞ்சலில் குப்பையைத் தானே ஒதுக்குகிறதே, அது எதனால் ஆயிற்று? எண்ணற்ற பயனர்கள் 'இது குப்பை' என்று குறித்துக் குறித்துப் பழக்கியதால் ஆயிற்று. பார்வையற்றவருக்குப் படத்தில் இருப்பதைச் சொல்வதும், பேச்சை எழுத்தாக்குவதும், தெரியாத மொழிக் கடிதத்தைப் புரியவைப்பதும் இதே வகை. நல்ல எரு, நல்ல விளைச்சல். நேற்றுவரை அடுத்தவர் உதவியை எதிர்பார்த்திருந்தவர் இன்று தானே செய்துகொள்கிறார் என்றால் அது சிறிய நன்மை அல்ல.

எரு கெட்டால் பயிரும் கெடும். பழைய ஆள்தேர்வுப் பட்டியல்களை வைத்துப் பழக்கிய கருவி, பழைய ஓரவஞ்சனையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். அதைவிடப் பொல்லாதது, காரணமே இல்லாமல் விளைவது. ஏ.ஐ.க்கு இன்னொரு பெயராகச் சொல்லப்படும் 'செய்யறிவு' என்ற சொல் பழைய இலக்கியத்தில் உண்டா என்று ஓர் உரையாடு செயலியிடம் கேட்டேன். புறநானூற்றுப் பாடல் எண்ணோடு நான்கு அடிகளை எடுத்து நீட்டியது. சந்தம்கூடச் சரியாக இருந்தது. நூலைப் புரட்டினால் அந்த எண்ணில் வேறு பாட்டு. அந்த அடிகளோ எங்கேயும் இல்லை. சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு பொய் எண்ணைத் தந்தது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணிப்பில் ஓடும் கருவிக்கு, உள்ள பாட்டும் இல்லாத பாட்டும் ஒன்றுதான். 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் இப்படி முளைத்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து, 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள்.

கருவி இப்படிப் பொய்யை உண்மைபோல் சொல்வதை 'மாயத்தோற்றம்' என்று எழுதுகிறார்கள். தோற்றம் என்றால் காண்பவருக்கு மனம் மயங்கியதாகப் பொருள் வரும். இங்கே மயங்குவது படிக்கும் நாம்தான். நமக்கு 'இட்டுக்கட்டுதல்' என்று பழகிய சொல்லே இருக்கிறது.

போலிக் குரலுக்கும் 'எதனால் ஆயிற்று' என்ற அதே கேள்விதான். சில நொடிப் பதிவு கிடைத்தால் ஒருவர் குரலை அப்படியே வார்த்துவிடலாம். மகள் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு நமக்கு ஏற்கெனவே தெரிந்த அவளுடைய எண்ணுக்கு நாமே அழைப்பது நல்ல வழி. இன்னொன்று, நாம் தட்டச்சு செய்யும் அந்தரங்கமும் நாளைய எருவாகக்கூடும்.

சரி, எந்தச் சொல்லை எழுதலாம்? செயற்கை அறிவு, செயற்கை அறிவுத்திறன், எந்திர அறிவு எனப் பல உண்டு. நான் செயலியிடம் கேட்ட 'செய்யறிவு' எனக்குப் பிடிக்கும்: சுருக்கம், வினைத்தொகை, செய்த அறிவு, செய்கிற அறிவு, செய்யும் அறிவு என்று முக்காலமும் அடக்கம். பொதுவாசகருக்கு எழுதும்போது செயற்கை நுண்ணறிவு என்றே எழுதுகிறேன், எல்லாருக்கும் புரிகிறது. எழுதுபவர்கள் 'செயற்க்கை' என்று மட்டும் போடாதீர்கள், றகர ஒற்றுக்குப் பின் இன்னொரு ஒற்று வராது. நுண் என்பது தனிக்குறிலை அடுத்த ஒற்று. உயிர் வந்தால் இரட்டும். அதனால் நுண்ணறிவு, இரண்டும் டண்ணகரமே.