ஊர் திரும்பிய பின் வரும் காய்ச்சல்

தென் சூடானின் பெந்தியுவில் ஏழு மாதம் குடிநீர்ப் பணி பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஒருவர், சென்னையில் இறங்கிய பன்னிரண்டாம் நாள் குளிர்காய்ச்சலோடு என்னிடம் வந்தார். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. மழைக்காலம் என்பதால் முதலில் பார்த்தவர்கள் டெங்கு என்றே நினைத்திருக்கிறார்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தோம். இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது: ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா.

"தடுப்பு மாத்திரை சாப்பிட்டீர்களா?"

"அங்கே ஒரு நாள்கூட விடவில்லை டாக்டர். ஜூபாவில் விமானம் ஏறியதும் நிறுத்திவிட்டேன்."

நிவாரணப் பணிக்குப் போகிறவர்களைப் பரிசோதித்து அனுப்பும் எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலுக்குள் போய்ப் பதுங்கிப் பெருகுகிறது. அவர் சாப்பிட்ட டாக்சிசைக்ளின் முக்கியமாக அது ரத்தத்துக்கு வந்த பிறகுதான் அதை மடக்கும். கடைசி இரவில் கடித்த கொசுவுக்கும் சேர்த்துத்தான் ஊர் வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிடச் சொல்கிறோம்.

பெந்தியுவில் 2021இல் புகுந்த வெள்ளம் ஆண்டுக்கணக்கில் வடியவில்லை. சுற்றிலும் கரை எழுப்பி, அதற்குள்தான் மக்கள் முகாமில் வாழ்கிறார்கள். உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் "மலேரியாதானே" என்பார்கள். சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து அவர்கள் உடலில் ஓரளவு எதிர்ப்பு ஊறியிருக்கிறது. நம்மவர்கள் அந்தப் பேச்சை மட்டும் தொற்றிக்கொண்டு வருகிறார்கள். சென்னையில் நாம் பார்த்துப் பழகிய மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற, சற்று மிதமான வகை. ஃபால்சிபாரம் அப்படிப்பட்டதல்ல, காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும்.

ஆகவே, ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்த நாட்டில் இருந்தேன், மலேரியா சோதனை செய்யுங்கள் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் மறுநாள் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொறியாளர் பிழைத்துக்கொண்டார். சென்ற மாதம் மறுபடியும் பெந்தியு கிளம்பினார். கடைசி நான்கு வார மாத்திரைகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே "ஊரில் சாப்பிட" என்று எழுதிக் கொடுத்தேன்.