நான்கு வட்டங்களை ஓரமாக வையுங்கள்: இகிகாய் தேடுவோருக்கு ஒரு மனநல மருத்துவரின் வேண்டுகோள்

இகிகாய், அதாவது வாழ்வதற்குப் பொருள் தருவது என்று ஜப்பானியர் சொல்வது, தமக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு சிகிச்சைக்கு வருவோர் கடந்த சில ஆண்டுகளில் பெருகிவிட்டார்கள். பெரும்பாலும் இருபத்தைந்து முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள். கைப்பேசியில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் நான்கு வட்டங்கள் கொண்ட படம் ஒன்றை வைத்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது, எனக்குத் திறமை உள்ளது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் கிடைக்கக்கூடியது என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தலைப்பு இருக்கும். நான்கும் சந்திக்கும் நடுவிடம்தான் வாழ்வின் நோக்கம் என்று ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த நடுவிடத்தில் எழுத எதுவும் இல்லை என்பதற்காகவே தம்மைத் தாமே வெறுக்கத் தொடங்கியவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அண்மையில் வந்த ஒருவரின் நிலைதான் இதை எழுத வைத்தது. அவரை யாரும் அடையாளம் காண இயலாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பல மாதங்களாக அவருக்கு விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், பசி இல்லை, உடல் மெலிந்துவிட்டது, முன்பு விரும்பிக் கேட்ட பாட்டுகூடக் காதில் விழவில்லை. மகளோடு விளையாடுவதும் சுமையாகத் தோன்றியது. தமக்கு இகிகாய் இல்லாததே இவ்வளவுக்கும் காரணம் என்று முடிவுகட்டி, நல்ல வேலையை விட்டுவிட்டார். விட்ட பிறகும் எதுவும் பிடிக்கவில்லை. வீட்டுக் கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நின்றது. அந்தத் தவற்றையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டு, இருந்து என்ன பயன் என்று நினைக்கும் கட்டத்தில் அவருடைய மனைவி அழைத்து வந்தார். அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். மருந்துக்கும் உரையாடல் சிகிச்சைக்கும் நன்றாகக் கட்டுப்படுகிற நோய்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அது ஜப்பானில் உருவானதே அல்ல. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் ஸுஸுனாகா என்ற சோதிடர் 2011ஆம் ஆண்டளவில் வரைந்தது. அவருடைய படத்தின் நடுவில் ‘நோக்கம்’ என்ற பொருள் தரும் ஸ்பானியச் சொல்தான் இருந்தது. 2014இல் மார்க் வின் என்பவர், ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் நீண்ட காலம் வாழும் முதியவர்களைப் பற்றிய ஓர் உரையைக் கேட்டுவிட்டு, நடுவிலிருந்த அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு இகிகாய் என்று போட்டு இணையத்தில் வெளியிட்டார். நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அது ஜப்பானியரின் பழம்பெரும் ஞானமாக உலகெங்கும் பரவி, நம் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிலரங்குகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னால், எங்கே பிறந்தால் என்ன, பயன்பட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பயிற்சித் தாளாக அதைப் பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால், பிடித்தமும் திறமையும் உலகின் தேவையும் வருமானமும் ஒரே இடத்தில் கூடாவிட்டால் உன் வாழ்க்கைக்குப் பொருள் இல்லை என்று, ஏற்கெனவே உறக்கம் கெட்டுக் கிடக்கும் ஒருவரிடம் சொல்வது கொடுமை.

நான்காவது வட்டம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. ஜப்பானில் இகிகாய் எது என்று கேட்டால் பேரப்பிள்ளையைச் சொல்பவர் உண்டு, தோட்டத்தைச் சொல்பவர் உண்டு, வாரம் ஒருமுறை கூடிப் பாடும் குழுவைச் சொல்பவர் உண்டு, வேலையைச் சொல்பவரும் உண்டு. 2010இல் அங்கே 2,000 பேரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் வேலையே தம் இகிகாய் என்று சொன்னவர்கள் 31 விழுக்காட்டினர்தான். சம்பளம் வந்தால்தான் இகிகாய் என்றால் ஓய்வு பெற்றவருக்கும் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் தாய்க்கும் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கும் அது இல்லை என்றாகிவிடும். உண்மையில் இகிகாய் பற்றிய ஆழமான சிந்தனை பிறந்ததே நோயாளிகளிடமிருந்துதான்.

இதை நம் பயிலரங்குகளில் யாரும் சொல்வதில்லை. மியெகோ கமியா என்ற மனநல மருத்துவர் 1957இலிருந்து, ஜப்பானின் ஒகாயாமா மாவட்டத்தில் நாகஷிமா என்ற தீவில் இருந்த அரசுத் தொழுநோய் இல்லத்தில் பணியாற்றினார். 1930இல் நிறுவப்பட்ட அந்த இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் குடும்பத்தை விட்டு, பல நேரங்களில் சொந்தப் பெயரையும் விட்டு, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. நோயைக் குணமாக்கும் மருந்து வந்த பிறகும் தனிமைப்படுத்தும் சட்டம் நீடித்தது. அது நீக்கப்பட்டது 1996இல்தான். தீவையும் கரையையும் இணைக்கும் பாலம்கூட 1988இல்தான் திறக்கப்பட்டது. கமியா அங்கே கண்டது அவரையே உலுக்கியது: நோய் கடுமையில்லாத, உடல் நலிவு குறைவாக இருந்த பலர் எதிர்காலமே இல்லை என்று பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்; அதே சூழலில் வேறு சிலர் வாழ்வின் நிறைவை உணர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து அவர் எழுதிய நூல் 1966இல் வெளிவந்தது. அந்த இல்லத்தில் பார்வையிழந்தவர்கள் சேர்ந்து 1950களில் ஒரு ஹார்மோனிகா இசைக்குழுவை உருவாக்கினார்கள். விரல்களில் உணர்ச்சி போய்விட்டதால் அதை வழிநடத்தியவர் புள்ளியெழுத்து இசைக் குறிப்புகளை நாக்கால் தொட்டுப் படித்தார். நான்கு வட்டங்களில் இதற்கு எங்கே இடம் இருக்கிறது?

வாழ்வு பொருளுள்ளதாகத் தோன்ற மனித மனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கமியா ஏழு தேவைகளைச் சொல்கிறார். நிறைவு, மாற்றம், எதிர்காலம், எதிரொலி, விடுதலை, தன்னை வளர்த்துக்கொள்ளல், பொருள் என்று அவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். இவற்றுள் என் பணியில் மிகவும் கைகொடுப்பது எதிரொலி. நாம் செய்வதற்கு இன்னொரு மனிதரிடமிருந்து பதில் வர வேண்டும், நம்மை யாரோ எதிர்பார்க்க வேண்டும் என்ற தேவை அது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சோர்ந்து உட்காரும் ஆண்களிடம் பேசும்போது, பணமோ மதிப்போ குறைந்ததைவிட, காலையில் எழுந்தால் தம்மைக் கேட்க ஆளில்லை என்பதுதான் அவர்களை அரிக்கிறது என்பது தெரிகிறது. வேலை வேலை என்று அலையும் இளைஞரிடம் குறைவது பெரும்பாலும் விடுதலை. சொந்த ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் வாழ்பவரிடம் மறுபடியும் எதிரொலி. எது குறைகிறது என்று தெரிந்தால் செய்ய வேண்டியதும் சிறியதாகி, கைக்கு எட்டுகிறது. இதற்கு வேலையை விட வேண்டியதில்லை.

இகிகாய் இருந்தால் நூறு வயது வாழலாம் என்று விற்கப்படும் செய்தியைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் மியாகி மாவட்டத்தில் ஒசாகி பகுதியில் 40 முதல் 79 வயதுக்குட்பட்ட 43,391 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. இகிகாய் இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது உண்மை. இதய, இரத்தக்குழாய் நோய்களாலும் விபத்து, தற்கொலை போன்ற புறக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகள் கூடியிருந்தன, புற்றுநோய் இறப்புகள் கூடவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னவர்களில் வேலையற்றவர்களும் உடல் வலியோடும் மன அழுத்தத்தோடும் இருந்தவர்களும் அதிகம். ஆய்வாளர்கள் அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவைச் சொன்னார்கள் என்றாலும், இத்தகைய ஆய்வால் எது எதற்குக் காரணம் என்று உறுதிப்படுத்த இயலாது. அந்தப் பகுதியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்றே பதிலளித்தார்கள். ஜப்பானியர் எல்லோரும் வாழ்வின் பொருளைக் கண்டுவிட்டவர்கள் என்று எண்ணித் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். மிகை உழைப்பால் நேரும் மரணங்களைத் தடுக்க 2014இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாடும் அதுதான்.

இனி, செய்ய வேண்டியவை. எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால், உங்களுக்கு நோக்கம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும், சோர்வோ விருப்பமின்மையோ நீடித்து, அதனுடன் உறக்கம், பசி, கவனம், உடல் வலு ஆகியவையும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் இதே போன்ற அயர்ச்சி வரலாம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வு நோய் பிடித்தமானவற்றை எல்லாம் மறைத்துவிடும் என்பதால், அந்நிலையில் எந்தத் தாளையும் நிரப்பிப் பார்க்காதீர்கள். அப்போது வரும் விடை நோயின் விடை. வேலையை விடுவது, மண விலக்கு, சொத்தை விற்பது போன்ற முடிவுகளைக் குணமாகும் வரை தள்ளிவையுங்கள். மருந்து தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு வந்து பயனில்லை என்று சொல்லாதீர்கள்.

பயிலரங்கு நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முன் அமர்ந்திருக்கும் ஐம்பது பேரில் வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுப்பவரைச் சோம்பேறி என்று மேடையில் வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்து, நன்றாக உறங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று விசாரியுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று மகனோ மகளோ சொன்னால், அதைத் தத்துவப் பேச்சாக எடுத்துக்கொண்டு விவாதிக்காதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தோன்றிவிடாது. ஆம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லியையும் கைக்கெட்டாமல் எடுத்துவைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.