மகோதரம்: சொல்லும் பொருளும்

மகோதரம் (பெயர்ச்சொல்): வயிற்றறைக்குள் நீர் சேர்ந்து வயிறு பெருத்துப்போகும் நோய்நிலை. மகா, உதரம் என்ற வடசொற்களின் கூட்டு. உதரம் என்றால் வயிறு. சித்த மருத்துவ வழக்கில் 'பெருவயிறு'. மருத்துவமனைச் சீட்டில் 'அசைட்டிஸ்' என்றிருக்கும். அதன் வேரான 'அஸ்கோஸ்', கிரேக்கத்தில் ஒயினோ எண்ணெயோ ஊற்றிவைக்கும் தோல்பையைக் குறிக்கும்.

பல ஆண்டுகள் மிதமிஞ்சிக் குடித்துக் கல்லீரல் தழும்பேறி இறுகும்போது, குடலிலிருந்து அதற்கு இரத்தம் கொண்டுவரும் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் உண்டாக்கும் இரத்தப் புரதமான ஆல்புமினின் சுரப்பு குறைகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. அந்த நீர்தான் வயிற்றுக்குள் தேங்குகிறது. காசநோய், புற்றுநோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றாலும் மகோதரம் வரும். ஆகவே பெயரைக் கேட்டதுமே குடி என்று முடிவுகட்டுவது அநியாயம்.

இந்தப் பெயர்கள் எல்லாமே வயிற்றை மட்டும் பார்க்கின்றன. என் ஆதங்கம் அதுதான். அதே உடம்பில் தசை கரைந்துகொண்டிருக்கிறது. மது, தசையில் புரதம் உருவாவதை மட்டுப்படுத்துகிறது. நலிந்த கல்லீரல் அகற்றத் தவறும் அம்மோனியாவும் தசையைச் சிதைக்கிறது. ஒரு கிராம் சுத்த ஆல்கஹாலில் ஏறத்தாழ 7 கலோரி உண்டு, புரதம் துளியும் இல்லை. பசி அடங்கும், உடம்பு தேறாது. நெற்றிப்பொட்டு குழிவிழும், காறை எலும்பு துருத்தும், சட்டையின் கை தொளதொளக்கும், வயிற்றருகே பொத்தான் மட்டும் பூட்ட வராது. 5 கிலோ தசை போய் 5 லிட்டர் நீர் சேர்ந்தால் எடை இயந்திரம் பழைய எண்ணையே காட்டும். "எடை குறையலையே" என்று வீட்டார் ஏமாறுவது இங்கேதான். வயிற்றைவிட மேற்கையின் சுற்றளவு உண்மை பேசும்.

எந்தச் சொல்லைப் புழங்கலாம்? 'பெருவயிறு' அழகான சொல். ஆனால் கொழுப்பால் வரும் தொப்பையோடு குழம்பும். வெறும் 'நீர்க்கோவை' என்றால் பலருக்குச் சளியும் தலைபாரமும்தான் நினைவுக்கு வரும். 'வயிற்று நீர்க்கோவை' என்பதே ஐயமற்றது. 'வயித்துல தண்ணி கட்டியிருக்கு' என்ற பேச்சுவழக்குக்கும் அது பக்கம். குடியால் வந்ததென்றால் அதனோடு 'தசை நலிவு' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டாவது சொல் விடுபட்டால் உப்பைக் குறைப்பதோடு பத்தியம் நின்றுவிடுகிறது. புரதத்தைக் குறைக்காமல் இருப்பதும், இரவுப் பட்டினி நீளாதபடி படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிடுவதும் கண்ணில் படாமல் போகின்றன.