எந்த ஆடியோ எடிட்டர் என்று கேட்பதற்கு முன்

"ஆடியோ எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?" ஒலித்தொகுப்பு வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பேச்சை வெட்டித் திருத்தப் போகிறீர்களா, பாட்டுக்கு டிராக் மேல் டிராக் அடுக்கப் போகிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒருமுறை ஒலிநூல் ஒன்று சரிசெய்ய வந்தது. வாசித்தவருக்கு நல்ல குரல். ஆனால் மின்விசிறிச் சத்தத்தை எடுக்கிறேன் என்று நாய்ஸ் ரிடக்‌ஷனை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார். சகரமெல்லாம் தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் குழறியது. ஒரிஜினலை அனுப்பச் சொன்னேன். அதன் மேலேயே சேமித்துவிட்டாராம், அதுவும் ஒலியைச் சுருக்கித் தரத்தைக் குறைக்கும் எம்பி3-ஆக! விசிறியை அணைத்துவிட்டு முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி வாசித்தார்.

அதனால் நான் முதலில் பார்ப்பது, மூலப் பதிவை மென்பொருள் என்ன செய்கிறது என்பதைத்தான். ரீப்பர், புரோ டூல்ஸ் போன்ற மென்பொருள்களில் வழக்கமாக வெட்டினாலும் ஒட்டினாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கும். எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும் புராஜெக்டில் பதிவாகும். ஆடாசிட்டி என்ற எடிட்டரில் மெனுவிலிருந்து எஃபெக்ட் போட்டால் புராஜெக்டில் உள்ள ஒலியே மாறிவிடும். மூடித் திறந்தால் அன்டூவும் போச்சு. 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, அந்த ஒலியைத் தொடாமல் கேட்டுக்கொண்டே எஃபெக்டை மாற்றும் வசதி வந்திருக்கிறது. எதுவானாலும் சுருக்காத வேவ் கோப்பாக ஒரு பிரதியைத் தனியே வைத்துவிட்டுத்தான் நான் கை வைப்பேன்.

பாட்காஸ்டுக்கு இலவச ஆடாசிட்டியே தாராளம். ஒலியின் உரப்பைச் சீராக்கும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் ஆப்பிள் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸை (உரப்பை அளக்கும் அலகு) கொடுத்தால் வேலை முடிந்தது. ஒலிநூல் கொஞ்சம் கறார். ஒலிநூல்களை வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம் சராசரி அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையே இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒலிநூல் பதிவில் பஞ்ச் அண்ட் ரோல் வசதி பெரிய உதவி. தடுமாறிய இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து ஓடவிட்டு, அங்கிருந்தே தொடர்ந்து வாசிக்கலாம்.

இசைக்கு ஆடாசிட்டியைச் சொல்ல மாட்டேன். மிடி (ஒலிக்குப் பதில் எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்பு) வைத்து இசையமைக்க அது சரிப்படாது. மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் போதும். விண்டோஸ் என்றால் ரீப்பர். பாடுபவருக்குத் தன் குரலே தாமதமாகக் கேட்டால் தாளம் நழுவும். 48,000 சாம்பிள் ரேட்டில் (செகண்டுக்கு அத்தனை ஒலி மாதிரிகள்) பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் மாதிரிகள், 1024 என்றால் அதுவே 21 மில்லிசெகண்ட். 256 என்றால் 5 சொச்சம். பதியும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸிங்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

ரீப்பரை 60 நாள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். டெமோ வீடியோவை விடுங்கள்; உங்கள் குரலிலேயே பத்து நிமிடம் பதிந்து, ஒரு தடுமாற்றத்தை வெட்ட எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணுங்கள்.