லுக்கேமியா: சொல்லும் அதன் இறப்புக் கணக்கும்

இரத்த வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் புற்றுநோயின் பெயரான 'லுக்கேமியா' என்பது, வெண்மையைக் குறிக்கும் 'லியூகோஸ்', குருதியைக் குறிக்கும் 'ஹைமா' என்னும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. 1845இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட், பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோவ் என்னும் இரு மருத்துவர்கள், இறந்த நோயாளிகளின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது, இரத்தம் சீழ் கலந்ததுபோல் வெளுத்திருப்பதைத் தனித்தனியே கண்டனர். பென்னட் அதைச் சீழ் என்றே கருதினார். விர்ஹோவோ வெள்ளணுக்களே அளவிறந்து பெருகியிருப்பதை உணர்ந்து, 1847இல் நோய்க்கு இப்பெயரைச் சூட்டினார்.

தமிழில் வழங்கும் 'இரத்தப் புற்றுநோய்' இதற்கு நேர்ச்சொல் ஆகாது. அது லுக்கேமியா, நிணநீர்ப் புற்றான லிம்போமா, எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா எனும் அணுக்களில் தோன்றும் மைலோமா ஆகிய மூன்றுக்கும் பொதுப்பெயர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, லுக்கேமியாவால் மட்டும் உலகில் ஏறத்தாழ 3.1 லட்சம் பேர் இறந்தனர்; மற்ற இரண்டையும் சேர்த்தால் அத்தொகை 7 லட்சத்தை எட்டிவிடும். எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதால், லுக்கேமியாவை 'வெள்ளணுப் புற்று' என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். செவ்வணுக்களாக வளரும் அணுக்களில் தோன்றும் அரிய வகைகளும் லுக்கேமியாவில் அடங்கும் என்றாலும், வெண்மையை மட்டும் சுட்டும் கிரேக்கப் பெயருக்கும் அதே குறை உண்டு.

இறப்புப் போக்கைப் படிக்கும்போது எண்ணிக்கையையும் வீதத்தையும் பிரித்தறிய வேண்டும். மக்கள்தொகையும் முதியோர் தொகையும் பெருகுவதால் எண்ணிக்கை உயரக்கூடும். வயது வேறுபாட்டைச் சீராக்கிக் கணக்கிடும் இறப்பு வீதமோ வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. லுக்கேமியாவில் மெல்ல முற்றும் ஒரு வகையான நாட்பட்ட மைலாய்டு வகையில் இதன் காரணம் கண்கூடு. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிழையான புரதமே அணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. அப்புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் காப்புரிமை வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தையும் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2013இல் காப்புரிமை மறுக்கப்பட்டதால், இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அம்மருந்தைத் தொடர்ந்து தயாரிக்க வழி பிறந்தது. நோயாளிகளின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய தீர்ப்பு அது.

லிம்போசைட் எனும் வெள்ளணுக்களில் விரைந்து பரவி, குழந்தைகளைத் தாக்கும் கடும் லிம்போசைட் வகையில் நாடுகளுக்கிடையிலான இடைவெளி வேதனை தருவது. செல்வ நாடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக் குழந்தைகள் பிழைக்கின்றனர். வறிய நாடுகளிலோ நோயைத் தாமதமாகக் கண்டறிவதாலும், சிகிச்சையின்போது தாக்கும் தொற்றுகளாலும், செலவு தாங்காமல் பெற்றோர் பாதியிலேயே சிகிச்சையைக் கைவிடுவதாலும், குணப்படுத்தக்கூடிய நோய்க்கே குழந்தைகள் பலியாகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் தொடங்கிய திட்டம், 2030க்குள் உலகெங்கும் புற்றுநோயுற்ற குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினரைப் பிழைக்க வைப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. அதில் முதன்மைப்படுத்தப்பட்ட 6 வகைப் புற்றுகளில் இந்தக் கடும் லிம்போசைட் வகையும் ஒன்று.