பனி நனைந்த விறகில் ஒரு கேத்தல் தேத்தண்ணி

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்ப் பக்கம் காட்டோரத்தில் கூடாரமடித்துத் தங்கினால், விடிந்ததும் எழும் முதல் கேள்வி தேத்தண்ணி எப்போது என்பதுதான். கேத்தல் ஏறி அரை மணி ஆகியும் தண்ணி சுட்டிருக்காது. ஆறு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகை வரும் பக்கம் விட்டுப் பக்கம் மாறி உட்காருவார்கள். பழி ஈர விறகின் மேல் விழும். பழி சரி, ஈரம் என்ன செய்கிறது என்பதைத்தான் பலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள்.

ஈரத்தை ஆவியாக்கவே சூடெல்லாம் போய்விடுகிறது என்பார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. நூற்றுக்கு முப்பது பங்கு நீருள்ள ஒரு கிலோ விறகில் 300 கிராம் தண்ணி. அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க முக்கால் மெகாயூலுக்குச் சற்று மேல் போதும். மிச்சம் 700 கிராம் மரம் எரிந்தால் 12 மெகாயூலுக்கு மேல் வரும். போவது பதினாறில் ஒரு பங்குதான்.

அடி விழுவது நேரத்தில். மரக்கட்டை அப்படியே சுவாலை விடுவதில்லை. 250, 300 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது அதிலிருந்து பிரியும் வாயுக்கள்தான் சுவாலையாக எரிகின்றன. உள்ளே தண்ணி உள்ளவரை அந்த இடம் 100 பாகையைத் தாண்டாது. வெளித்தோல் கருகிவிட்டிருக்கும், உள்ளே இன்னும் அவிந்துகொண்டிருக்கும். வெட்டுமுகத்தில் நுரை தள்ளிச் சீறுகிறதே, அதுதான் இது. பிரிகிற கொஞ்ச வாயுவும் நீராவியோடு கலந்து குளிர்ந்து, தீப்பற்றாமலே மேலே போகிறது. புகை என்று நாம் திட்டுவது, எரியாமல் தப்பிப் போகும் விறகைத்தான்.

ஈரத்திலும் இரண்டு வகை உண்டு. விடியற்பனி வெறும் மேற்பூச்சு. தெளிந்த வானத்துக்குச் சூட்டை இழந்த கொப்பில் படியும் நீர் அது. பட்டையைச் சீவினால் உள்ளே உலர்ந்த மரம். இலையடர்ந்த மரத்தின் கீழோ தறப்பாளின் கீழோ இரவு கிடந்த விறகில் அதுவும் படியாது. மார்கழி மழையில் நிலத்தில் கிடந்து ஊறிய கட்டை வேறு சாதி. அதைத் தொடவே வேண்டாம். மரத்திலேயே பட்டுத் தொங்கும் கொப்பை முறித்துப் பாருங்கள். ‘படக்’ என்று ஒடிந்தால் எடுக்கலாம், வளைந்து நார் கிழிந்தால் விட்டுவிடுங்கள்.

மூட்டுவதற்குத் தென்னம் பன்னாடையை வீட்டிலிருந்தே பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போவது நல்லது. அதன்மேல் நெருப்புக்குச்சி தடிப்பில் இரண்டு கைப்பிடி சுள்ளி, பிறகு பென்சில் தடிப்பு, பிறகு பெருவிரல் தடிப்பு. மெல்லியதற்கு எடைக்கு மேற்பரப்பு அதிகம். சட்டென்று உலர்ந்து சட்டென்று பற்றும். அவசரப்பட்டுப் பாலைக் கட்டையை முதலில் வைத்தால் அது நெருப்பை அமத்திவிடும். பாலை இறுக்கமான மரம். பற்றப் பிந்தும், பற்றிவிட்டால் தணல் நின்று பிடிக்கும். மண்ணெண்ணெய் ஊற்றினால் எண்ணெய் மட்டும் எரிந்து அணையும், விறகு ஈரமாகவே கிடக்கும். தணல்மேல் ஊற்றுவது அதைவிட மோசம். ஆவி குப்பென்று பற்றி முகத்தில் அடிக்கும்.

மூன்று கல்லும் உலர்ந்த தரையில் கிடந்த கருங்கல்லாக இருக்கட்டும். ஆற்றுக்குள் கிடந்த கல்லின் வெடிப்புகளில் தண்ணி இருக்கும். அது ஆவியானால் ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், வழியில்லாவிட்டால் கல் தெறிக்கும். கடற்கரை முருகைக்கல்லும் வேண்டாம், அது துளை துளையாய் நீர் பிடித்து வைத்திருக்கும். கேத்தலின் அடிக்கும் நிலத்துக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விடுங்கள். சுவாலையின் நுனி அடியைத் தொட வேண்டும். இன்னும் தாழ்த்தினால் குளிர்ந்த உலோகம் சுவாலையை எரிந்து முடிய விடாது. கேத்தலில் கரி அப்பும், தண்ணி சுடாது.

எவ்வளவு விறகு? ஆறு பேருக்கு 1.2 லீற்றர் தண்ணி. 27 பாகையிலிருந்து கொதிக்க 370 கிலோயூல் அளவு வேண்டும். (கன்னியா வெந்நீரூற்றைப்போல் 40 பாகைத் தண்ணியில் தொடங்கினாலும் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சம் வராது.) மூன்று கல் அடுப்பில் சூட்டின் பத்தில் ஒரு பங்குதான் கேத்தலுக்குப் போகும் என்று வைத்தாலும், உலர்ந்த விறகு கால் கிலோ போதும். மூட்டும் சேதாரத்தோடு அரைக் கிலோ. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவர் இருந்தால் இன்னும் கொஞ்சம்.

ஒதுக்கக் காட்டுக்குள் இதெல்லாம் செய்ய முடியாது, அங்கே அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது குற்றம். மற்ற இடத்திலும் வேர் ஓடாத வெறும் மண்ணைத் தேடுங்கள். வேர் நிலத்துக்குள்ளேயே புகைந்து, நீங்கள் போன பிறகு வேறிடத்தில் வெளிப்படலாம். புறப்படுமுன் தணல்மேல் தண்ணி ஊற்றித் தடியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.