வீடு கட்டும் காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் உண்டா?

தமிழ்நாட்டில் உங்கள் மனையில் உங்களுக்கு வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டர், அந்த வேலையைச் செய்ய அரசிடம் எந்த லைசென்ஸும் வாங்கத் தேவையில்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆட்டோ ஓட்டக்கூட லைசென்ஸ் கேட்கிற நாட்டில், நாற்பது ஐம்பது லட்சம் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு இல்லையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். இல்லை என்பதுதான் பதில். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் வீடு பாதியில் நிற்கும்போது என்னைத் தேடி வருகிறார்கள். திருச்சி வட்டாரத்தில் கட்டட மேற்பார்வை செய்கிற சிவில் இன்ஜினீயர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

“லைசென்ஸ் இருக்கு சார், காட்டினாரே” என்று சொல்பவர்களிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்வேன். பெரும்பாலும் அது பொதுப்பணித் துறையின் ஒப்பந்ததாரர் பதிவாக இருக்கும். அரசு டெண்டரில் இன்ன தொகை வரை கலந்துகொள்ளலாம் என்று வகுப்புப் பிரித்துத் தருகிற பதிவு அது. ‘முதல் வகுப்பு’ என்று அதில் இருந்தால் பெரிய தொகைக்கு டெண்டர் போடலாம் என்று பொருள். உங்கள் வீட்டைச் சரியாகக் கட்டுவார் என்பதற்கு அது சான்று அல்ல, உங்கள் வீட்டில் தவறு செய்தால் அந்தத் துறை வந்து கேட்கப் போவதும் இல்லை. சிலர் ஜி.எஸ்.டி. சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அது வரிக்கான பதிவு. இன்னும் சிலர் உத்யம் சான்றிதழைக் காட்டுவார்கள். ஆன்லைனில் நாமே விவரம் கொடுத்து, கட்டணமே இல்லாமல் யாரும் எடுக்கக்கூடிய சிறுதொழில் பதிவு அது. இவை எதுவும் போலி இல்லை. ஆனால் எதுவும் வீடு கட்டும் தகுதியைச் சொல்லவில்லை.

உண்மையான உரிமம் உள்ள இடங்களும் உண்டு. வயரிங் வேலைக்கு மின் உரிமம் இருக்கிறது, உரிமம் உள்ளவரைக் கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். அந்தக் காகிதத்தைக் கட்டாயம் கேளுங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தை 1972-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம், பெயரை அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பிளான் அப்ரூவலுக்கு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி பதிவு பெற்ற இன்ஜினீயரோ ஆர்க்கிடெக்டோ கையெழுத்திட வேண்டும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பிளானில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், சைட்டில் நிற்பவர் வேறொருவர். கையெழுத்துப் போட்டவர் உங்கள் மனையைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது மிகவும் நல்ல விஷயம். ஆனால் சரியாகக் கட்டுகிறோம் என்ற பொறுப்பு அதே அளவுக்கு உரிமையாளர் தலையில் ஏறியிருக்கிறது.

மற்ற ஊர்களில் எப்படி என்று பார்த்தால் நம்மிடம் எது இல்லை என்பது புரியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் காண்ட்ராக்டர் உரிமத்துக்கென்றே தனி வாரியம் 1929 முதல் இருக்கிறது. உரிமம் வேண்டுமானால் தொழிலில் நான்கு வருட அனுபவம் காட்ட வேண்டும், தொழில் பற்றி ஒன்று, சட்டமும் வணிகமும் பற்றி ஒன்று என்று இரண்டு தேர்வு எழுத வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் வைக்க வேண்டும். முழுக் கட்டடத்தையும் எடுத்து நடத்தும் பொதுக் காண்ட்ராக்டருக்கு ‘பி’ பிரிவு. எலெக்ட்ரிகல், பிளம்பிங், கூரை வேலைகளுக்கு ‘சி’ பிரிவில் தனித்தனி உரிமம். வீட்டுப் பராமரிப்பு, புதுப்பிப்பு வேலைக்கு அட்வான்ஸாகப் பத்து சதவீதமோ 1,000 டாலரோ, எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது, கொடுத்த பணத்தையே உரிமையாளர் திரும்பக் கேட்கலாம். சிங்கப்பூரிலும் 2009 முதல் பில்டர் உரிம முறை நடைமுறையில் இருக்கிறது.

இங்கே இப்படி ஒரு சட்டம் வரும்வரை, உரிமம் செய்ய வேண்டிய வேலையை உங்கள் ஒப்பந்தப் பத்திரம்தான் செய்தாக வேண்டும். நான் மன்றாடிச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அதற்கு, காண்ட்ராக்டர் என்னதான் செய்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும். செங்கல் அடுக்குபவர் கொத்தனார், கம்பி கட்டுபவர் வேறு, கான்கிரீட்டைத் தாங்கும் தகடும் முட்டும் வைத்து சென்ட்ரிங் அடிப்பவர் வேறு. இவர்கள் எல்லாரையும் சரியான நாளில், சரியான வரிசையில், சரியான பொருளோடு கொண்டுவந்து நிறுத்துவதுதான் காண்ட்ராக்டரின் வேலை. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தப் பொறுப்புக்கான கூலி.

ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலை சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். கம்பி தகட்டில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் அடியில் வைத்திருக்கிறதா, ஆட்கள் ஏறி மிதித்ததில் மேல் கம்பி கீழே அமுங்கியிருக்கிறதா, எலெக்ட்ரிகல் பைப்பும் ஃபேன் பாக்ஸும் எல்லா அறைக்கும் வந்திருக்கிறதா, முட்டுக் கட்டைகள் புதிதாகக் கொட்டிய மண்ணின் மேல் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும். ஃபேன் பாக்ஸ் ஒன்று விட்டுப்போனால் பிறகு ஸ்லாபைக் கொத்த வேண்டிவரும். கான்கிரீட் போடும் நாளன்று, கலவை பரப்ப லேசாக இருக்கட்டும் என்று மிக்சரில் கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். வெயிலில் நிற்கிற ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் பலம் இறங்கிவிடும். மிக்சர் பக்கத்தில் நின்று அதைத் தடுப்பதுதான் காண்ட்ராக்டர் வாங்கும் பணத்துக்கான வேலை.

அதற்குப் பிறகு வருவது சென்ட்ரிங் பிரிக்கிற அவசரம். தகடும் முட்டும் வாடகைக்கு எடுத்தவை, நாள் கூடினால் வாடகை கூடும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை 456-ன்படி ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டில், தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் கூட்டிக்கொள்வது நல்லது. தண்ணீர் கட்டி ஈரமாக வைப்பது ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாள். நம் ஊர் வெயிலில் ஓ.பி.சி.க்கும் 10 நாள், பி.பி.சி.க்கு 14 நாள் வேண்டும். இந்த எண்களை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். “நல்ல தரத்தில் கட்டித் தரப்படும்” என்ற வரியை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது.

பணத்துக்கு வருவோம். வீடு பாதியில் நிற்பதற்கு நான் பார்த்த பெரிய காரணம் ஒன்றுதான்: கொடுத்த பணம் நடந்த வேலையைத் தாண்டிப் போயிருக்கும். உங்கள் அட்வான்ஸில் இன்னொருவர் வீட்டுப் பூச்சு வேலை முடியும், உங்கள் பூச்சு வேலைக்கு மூன்றாவது ஒருவரின் அட்வான்ஸ் வர வேண்டும். அந்த மூன்றாமவர் வராவிட்டால் உங்கள் சைட்டில் ஆள் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்கள் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பக்கத்து சைட்டின் படத்தைக்கூட அனுப்ப முடியும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அஸ்திவாரம், பேஸ்மென்ட் (வீட்டுத் தரை மட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்), ரூஃப், பூச்சு, டைல்ஸ் என்று கட்டம் பிரித்து, ஒரு கட்டம் முடிந்ததை உங்கள் சார்பில் ஒரு இன்ஜினீயர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு பணம் விடுங்கள். அவர் காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது, கூலியை நீங்கள்தான் தர வேண்டும். கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கடந்த பிறகு தருவதாக எழுதுங்கள்.

சதுர அடி ரேட் பேசும்போது எதையெல்லாம் சதுர அடியில் சேர்க்கிறார் என்று கேளுங்கள். சிட்அவுட், மாடிப்படித் தலையறை, கார் நிறுத்தும் இடம் முழுக் கணக்கா, பாதிக் கணக்கா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர், ஈ.பி. இணைப்பு யார் பொறுப்பு? ரேட் குறைவாகச் சொல்கிறவரின் கணக்கில் இவை வெளியே நிற்கும். வரியையும் அப்போதே பேசிவிடுங்கள். தனி வீட்டுக்கு வெறும் லேபர் காண்ட்ராக்ட் என்றால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, மெட்டீரியலோடு சேர்த்து என்றால் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் 18 சதவீதம் போடுவார்.

சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்பதை யாரும் பேச விரும்புவதில்லை. அந்த சைட்டின் பெயரில் தொழிலாளர் காப்பீடு எடுத்து, பாலிசி நகலை வேலை தொடங்கும் முன் தர வேண்டும் என்று எழுதுங்கள். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நம் வீட்டுக்காக உழைக்கிறவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது.

‘ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே’ என்பார்கள். 2016-ம் ஆண்டின் அந்தச் சட்டம் மனையோ ஃபிளாட்டோ விற்கிற நிறுவனங்களுக்கானது. அங்கே கட்டட அமைப்பில் குறை வந்தால் 5 ஆண்டு வரை நிறுவனம் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். உங்கள் சொந்த மனையில் கட்டும் காண்ட்ராக்டரை அது கட்டுப்படுத்தாது. அதே 5 ஆண்டுப் பொறுப்பை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள், அந்தப் பதிலில் அவரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

தகராறு முற்றினால் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தையும் சேவை என்றே சொல்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ‘அடுத்த மாசம் முடிச்சுத் தர்றேன்’ என்ற பேச்சை நம்பி அந்த 2 ஆண்டைத் தொலைத்தவர்கள் உண்டு. பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டிய சில்லறைச் செலவுக்கும் தேதியும் கட்டமும் எழுதி ரசீதில் கையெழுத்து வாங்கி, பிளான் நகலோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.